எனக்கு விழுந்த இரண்டாம் வாக்குகள்

பிள்ளையை இனி வேலைக்குக் கூட்டிக்கொண்டு வரக்கூடாது என்று வேலை வீட்டுக்காரியான சின்யோரா சொன்னபோது, நான் அவளுடைய குளியலறைத் தரையில் முழங்காலில் நின்று துடைத்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு அப்போது இரண்டு வயது. மேசைவிரிப்பைப் பிடித்து இழுத்து, மேலே இருந்த பழத்தட்டைப் போட்டு உடைத்துவிட்டாள். தட்டு மாமியார் கொடுத்தது, போனால் போகட்டும், ஆனால் நாளைக்குப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் யார் பொறுப்பு என்று சின்யோரா மிக அன்பாகக் கேட்டாள். அந்த அன்பை நான் நன்றாக அறிவேன். கோபித்துப் பேசினால் திருப்பி நாலு வார்த்தை கதைக்கலாம். அன்பாகச் சொன்னால் தலையை ஆட்டத்தான் முடியும். ஆட்டினேன். வேறு இடம் பார்க்கச் சில கிழமை தவணை தந்தாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பலேர்மோவில் எங்கள் சனத்தில் பெரும்பாலோருக்கு வீட்டு வேலை. ஆண்கள் சிலர் உணவகங்களில் கோப்பை கழுவினார்கள். என் மனிசனுக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை, விடியவே போய்விடுவார். எனக்கு இரண்டு வீடுகள். பிள்ளையை யாரிடம் விடுவது? சற்று வளர்ந்த பிள்ளைகளைச் சிலர் கன்னியர் மடத்து விடுதியில் விட்டார்கள். கிழமைக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார்கள். இரண்டு வயதை அங்கே எடுக்கமாட்டார்கள். மற்றவர்கள் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு ஊருக்கு அனுப்பினார்கள்.

“அக்காவிட்டை அனுப்புவம்” என்றார் என் மனிசன்.

அவருடைய அக்கா அப்போது யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து, கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு லொட்ஜில், ஒற்றை அறையில் தன் பிள்ளைகளோடு இருந்தார். பொலிஸ் பதிவு, சோதனை, நினைத்த நேரம் கதவைத் தட்டுதல். அந்த அறைக்குள் என் பிள்ளையையும் தள்ளுவதாம்.

“இஞ்சரப்பா, உங்களுக்கென்ன விசரே? அங்கை இருக்கிற சனம் பிள்ளையளை வெளியிலை எடுக்க வழி தேடுது. நீங்கள் இஞ்சை இருக்கிற பிள்ளையை அங்கை அனுப்பப் போறியள்?”

“அப்ப என்ன செய்யிறது? வேலையை விடப்போறியே?”

வேலையை விட்டால் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க முடியாது. இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதிக் கடதாசிக்கு அதுதான் பெயர். வேலை இருந்தால்தான் கடதாசி, கடதாசி இருந்தால்தான் நாங்கள். உயிர்த்த ஞாயிறு முடிய ஒரு குடும்பம் கொழும்புக்குப் போகிறது, அவர்களோடு அனுப்பிவிடலாம் என்று சொல்லிவிட்டு அவர் போய்ப் படுத்துக்கொண்டார். அவருக்கும் அழுகைதான்; சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததில் தெரிந்தது. ஆனாலும் எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை.

பலேர்மோவின் கால்சாப் பகுதியில் எங்கள் பங்குக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாளிகை இருந்தது. அதன் கீழ்த்தளத்து மண்டபத்தைப் பங்குத்தந்தை தமிழ்ச் சங்கத்துக்கு விட்டிருந்தார். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்தால் அங்கே தேநீரும் கூட்டமும். சனிக்கிழமை ஆண்கள் கரம்பலகையில் காய் சுண்டி விளையாடுவார்கள், வீடியோவில் படம் போடுவார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஈ, காக்கை கிடையாது. எங்களுக்குள் பின்னேரம் மட்டும் வேலைக்குப் போகும் பெண்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் முறைவைத்துப் பார்த்தால் காலைவேளையில் பிள்ளைகளை அங்கே விடலாம். என்னைப் போல் விழி பிதுங்கிக்கொண்டிருந்த தாய்மார் வேறும் பலர். இதில் கஷ்டப்பட என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தலைவரிடம் போய்க் கேட்டேன்.

தலைவர் தீவுப்பக்கத்து ஆள், என் மனிசனின் ஊர். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் தலைவர். கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். குவெஸ்தூராவில், அதாவது பொலிஸ் தலைமையகத்தில், விடியற்காலைக் கியூவில் நின்று எத்தனையோ பேருக்குக் கடதாசி வேலை பார்த்துக் கொடுத்தவர். ஆனால் சங்கம் என்றால் தன் வீட்டு முற்றம் என்ற எண்ணம்.

“தங்கச்சி, சங்கமெண்டால் அதுக்கொரு மரியாதை இருக்கு. மூத்திரத்துணி காயப்போடுற இடமாக்கேலாது.”

“வெறுமனே பூட்டித்தானே கிடக்குது, அண்ணை?”

“பூட்டிக் கிடந்தாலும் அது சங்கம். பிள்ளை வளர்க்கிறது தாய்மாற்ரை வேலை.”

“அப்ப சங்கத்திலை தாய்மாருக்கு என்ன வேலை?”

“ஏன், தேத்தண்ணி நல்லாத்தானே போடுறியள்!”

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். என் மனிசனும் அங்கேதான் நின்றார். சிரிக்கவில்லை, ஆனால் குனிந்து, அவிழாத சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். எனக்குக் கொதி உச்சந்தலையில் ஏறியது. அன்றைக்குத் தேநீர்ச் சட்டியை அடுப்பில் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததாகப் பிறகு சொன்னார்கள். நல்ல விஷயம்.

அந்த நேரம்தான் சங்கத் தேர்தல் வந்தது. முந்தைய தேர்தல் கைதூக்கி நடந்து, தூக்கிய கைகளாலேயே அடிபட்டு முடிந்திருந்தது. எங்கள் சங்கத்தில் இரண்டு கோஷ்டி: தீவார், மன்னாரார். ஒரே மாதாவைக் கும்பிடுவார்கள், ஒரே சட்டியில் சோறும் தின்பார்கள், ஆனால் பதவி என்று வந்துவிட்டால் முகத்தில் முழிக்கமாட்டார்கள். இந்த முறை வெளியாள் ஒருவர் நடத்தினால்தான் மண்டபம், இல்லாவிட்டால் எல்லாரும் வெளியே என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டார். வெளியாளாக அவர் பிடித்துக்கொடுத்தது, பக்கத்து மடத்தில் ஆங்கிலம் படிப்பித்த அயர்லாந்துக்கார சிஸ்டரை.

நெடுநெடுவென்ற உயரம், காற்றுப் பட்டால் சிவக்கும் கன்னம், ஆண்கள் போடும் சப்பாத்து. நாங்கள் குசினிகளில் பொறுக்கிய சிசிலி இத்தாலியனில் கதைப்போம். அவர் தன் நாட்டு இழுவையில் இத்தாலியன் கதைப்பார். எப்படியோ விளங்கிவிடும். அந்த சிஸ்டருக்குச் செபமாலைக்கு அடுத்தபடி தேர்தல்தான் உயிர் என்பது போகப்போகத்தான் தெரிந்தது. அவருடைய அப்பா அயர்லாந்தின் மேற்குக் கரையில், ஓயாத மழையும் சேறுமான ஒரு தொகுதியில், பாராளுமன்றத்துக்குத் திரும்பத் திரும்ப நின்ற மனிதராம்.

அங்கே ஒரு தொகுதிக்குப் பல ஆசனங்கள். வாக்குச்சீட்டில் எங்களைப் போல் பெயருக்கு நேரே பெருக்கல் குறியாகப் புள்ளடி போடுவதில்லை. பிடித்த ஆளுக்கு 1, அவர் வராவிட்டால் யார் என்று 2, பிறகு 3, இப்படி இலக்கம் போட்டுக்கொண்டே போகலாம். எண்ணும்போது ஆகக் கடைசியில் நிற்பவரைக் கழித்துவிட்டு, அவருடைய சீட்டுகளில் 2 யாருக்கு விழுந்திருக்கிறதோ அவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். நாட்கணக்கில் எண்ணுவார்களாம். மண்டபத்தின் நடுவே மேசைகள், சுற்றிவரத் தடுப்பு. தடுப்பில் கட்சிக்காரர்கள் சாய்ந்து நின்று, சீட்டை விரிக்கும்போதே கண்ணால் பிடித்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருப்பார்கள். எந்த ஊர் காலை வாரியது என்று எண்ணுகிறவர்களுக்கு முன்னமே அவர்களுக்குத் தெரிந்துவிடும். சிஸ்டர் சின்னப் பிள்ளையாக அந்தத் தடுப்பில் தொங்கி வளர்ந்தவர்.

“அப்பா வென்றாரா, சிஸ்டர்?” என்று கேட்டேன்.

கன்னம் இரண்டும் குபீரென்று சிவந்தன. கடைசி ஆசனத்துக்கு அப்பாவும் எதிர்க்கட்சிக்காரர் ஒருவரும் மிஞ்சினார்களாம். அப்போது கழிக்கப்பட்டவர் அப்பாவின் கட்சி ஆள். அவருடைய சீட்டுகள் வந்தால் போதும், அப்பா பாராளுமன்றம் போய்விடுவார். ஆனால் அந்த ஆள் ஆற்றுக்கு அக்கரை. அக்கரைச் சனம் கட்சியும் பார்க்கவில்லை, கொள்கையும் பார்க்கவில்லை. தங்கள் கரையில் பிறந்தவன் என்று எதிர்க்கட்சிக்காரனுக்கே 2 போட்டிருந்தது. இத்தனை வருடம் செபித்தும் அந்தக் கரைச் சனத்தை மட்டும் சிஸ்டரால் மன்னிக்க முடியவில்லையாம். அதைச் சொல்லிவிட்டு உடனே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாதாவே, இது எங்கள் தீவும் மன்னாரும்தானே! வெள்ளைக்காரன் என்றால் வேறு சாதிச் சனம் என்று நினைத்திருந்தேன்.

சிஸ்டர் இரண்டு நிபந்தனை வைத்தார். இலக்கம் போடும் தன் ஊர் முறை. வளர்ந்த ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. அதுவரை எங்கள் சங்கத்தில் குடும்பத்துக்கு ஒரு வாக்கு. அதை யார் போட்டது என்று சொல்லவும் வேண்டுமா? ஆண்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு இரண்டு கோஷ்டியும் தனித்தனியே கூடிக் கணக்குப் பார்த்தது. மனிசியும் எங்களுக்குத்தானே போடுவாள், அப்படியென்றால் எங்கள் பலம் இரட்டிப்பு! எதிர்ப்பக்கமும் அதே கணக்கைப் பார்க்கும் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. இரண்டு பக்கமும் ஓம் என்றது.

பெயர் கொடுக்கும் ஞாயிறன்று தீவார் பழைய தலைவரையே சொன்னார்கள். மன்னாரார் தங்கள் பக்கத்து ஆளைச் சொன்னார்கள். மரக்கறிச் சந்தையில் வேலை செய்த, உரத்துச் சிரிக்கும் மனிதர். வேறு யாரும் உண்டா என்று சிஸ்டர் கேட்டார். நான் எழும்பி, “நானும் நிக்கிறன்” என்றேன்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. தேநீர் கொண்டுவரத்தான் எழும்புகிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ. பிறகு சிரிப்பு. சிஸ்டர் மட்டும் சிரிக்காமல் கரும்பலகையில் மூன்றாவது பெயரை எழுதினார்.

வீட்டுக்கு வந்ததும் மனிசன் தொடங்கினார்.

“என்ரை முகத்தை நான் இனி எங்கை கொண்டுபோய் வைக்கிறது?”

“கழுத்துக்கு மேலைதான். இவ்வளவு நாளும் அங்கைதானே இருந்தது.”

“நீ தோத்தால்?”

“தோத்தால் நீங்கள் சொன்ன மாதிரிப் பிள்ளையை அனுப்புவம். வெண்டால் மண்டபம் திறக்கும், பிள்ளை என்னோடை நிக்கும். அதுவரைக்கும் கொழும்புக் கதை இந்த வீட்டுக்குள்ளை கதைக்கக்கூடாது.”

அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, வெல்ல வழி தெரியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் அரைவாசி. பிறந்தது மன்னார், கட்டியது தீவு. தீவாருக்கு நான் மன்னார்க்காரி, மன்னாராருக்குத் தீவாரிடம் வாழ்க்கைப்பட்டவள். எனக்கென்று கோஷ்டி கிடையாது. ஆனால் தரை துடைக்கும்போது தலை சும்மா இருக்கும் அல்லவா? யோசித்தேன். எனக்கு முதலிடம் வராது. வரத் தேவையும் இல்லை. கடைசியாக மட்டும் போகக்கூடாது. மன்னார்க்காரர் கடைசியாகிக் கழிந்தால் அவருடைய ஆட்களின் 2 எங்கே போகும்? தீவாருக்கு 2 போடுவதைவிட அவர்கள் விரலை வெட்டிக் கடலில் எறிவார்கள். என்னிடம்தான் வரவேண்டும். ஆகவே பெண்களிடம் 1 கேட்பது, ஆண்களிடம் 2 கேட்பது என்று முடிவெடுத்தேன்.

வியாழன் பின்னேரம் வீட்டு வேலைக்காரருக்கு இங்கே அரைநாள் ஓய்வு. கால்சாக் கடற்கரைப் புற்றரையில் நாங்கள் கூடுவோம். அங்கேதான் என் பிரசாரம். கூட ஒருத்தி நின்றாள்: யாழ்ப்பாணத்துச் சைவக்காரி, என் கூட்டாளி, இரண்டு கோஷ்டியிலும் சேராதவள், கண் பருந்துக் கண். பெண்கள் ஆளாளுக்குப் பயந்தார்கள்.

“அக்கா, ஆருக்குப் போட்டனியெண்டு மனிசன் கேட்டால் என்ன சொல்லுறது?”

“நீங்கள் சொன்ன ஆளுக்குத்தான் எண்டு சொல்லு” என்றாள் என் கூட்டாளி. “எத்தினை பொய் சொல்லிக் குடும்பம் நடத்திறம், இதொண்டும் சேரட்டுமன்.”

அந்தச் சிரிப்பில் பயம் பாதி போய்விட்டது. பிறகு நான் ஆண்களிடம் போனேன். மன்னார்க்காரர் சந்தையில் பெட்டி இறக்கிக்கொண்டு நின்றார்.

“அண்ணன், ஒண்டு உங்களுக்குத்தான். உங்கடை ஆக்களின்ரை ரெண்டாவதை எனக்குத் தரச் சொல்லுங்கோ.”

“அதுக்கென்ன தங்கச்சி, ரெண்டாவதுதானே, எடு, எடு!” என்று வாய்விட்டுச் சிரித்தார். போகும்போது கத்தரிக்காயும் ஒரு பை தந்துவிட்டார்.

தீவாரிடமும் அதையே கேட்டேன். தலைவரும் அதே மாதிரித்தான். “எங்கடை வீட்டுப் பிள்ளைதானே, போடச் சொல்லுறன்” என்றார். இரண்டு பேரும் எனக்குப் பிச்சை போட்டார்கள். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அந்த மாதம் இத்தாலியர்களுக்கும் பாராளுமன்றத் தேர்தல். சுவரெல்லாம் பல் தெரியும் முகங்கள். சின்யோரா தன் மச்சானின் படம் அச்சடித்த அட்டைகளை ஒரு கட்டாகத் தந்து, உன் ஆட்களுக்குக் கொடு, நிறையப் பேர் இருக்கிறீர்களே என்றாள். எங்களுக்கு வாக்கு இல்லை, சின்யோரா என்றேன். இத்தனை வருடமாக இங்கேதானே இருக்கிறீர்கள் என்று அவள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். எனக்கும் அதே ஆச்சரியம்தான். ஊரில் வாக்குப் போடும் வயது வந்தபோது அங்கே ஷெல் விழுந்துகொண்டிருந்தது. இங்கே வந்தால் வெளிநாட்டுக்காரி. என் வாழ்க்கையில் நான் போடப்போகும் முதல் வாக்கு எனக்கே என்பது அன்றுதான் மண்டையில் ஏறியது.

தேர்தல் ஞாயிறு பூசை முடிந்ததும் சனம் மண்டபத்துக்குள் தள்ளிக்கொண்டு வந்தது. கூட்டத்துக்கு ஒருநாளும் வராத பெண்களெல்லாம் கூறைச்சேலை உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். சிஸ்டர் முன்னால் நின்று, இலக்கம், இலக்கம், 1, 2, 3 என்று விரல் காட்டிச் சொன்னார். அதை நானே தமிழில் சொன்னேன். “புள்ளடி போடாதேங்கோ, இலக்கம் போடுங்கோ.” தலைவரும் சொன்னார். மன்னார்க்காரரும் சொன்னார். எல்லாரும் ஓம், ஓம் என்று தலையாட்டினார்கள். ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போய் வந்தார்கள். வயதான சிலர் வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. கடைசியாக எப்போது வாக்குப் போட்டோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

பிறகு எண்ணிக்கை. சிஸ்டர் மடத்திலிருந்து துணி காயப்போடும் கயிறு கொண்டுவந்து, மேசையைச் சுற்றிக் கதிரைகளில் கட்டினார். கயிற்றுக்கு வெளியே நின்று யாரும் பார்க்கலாம், உள்ளே ஒரு விரலும் வரக்கூடாது. சட்டைக்கையை மடித்துக்கொண்டு பெட்டியைக் கவிழ்த்தபோது அவர் கன்னியாஸ்திரியாகவே தெரியவில்லை. ஒவ்வொரு சீட்டாக விரித்து, எல்லாப் பக்கமும் தூக்கிக் காட்டி, மூன்று அடுக்காக வைத்தார். என் கூட்டாளி கயிற்றில் சாய்ந்து கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு நின்றாள்.

முதல் எண்ணிக்கையில் தலைவரின் அடுக்குத்தான் பெரிது, ஆனால் பாதியைத் தாண்டவில்லை. இரண்டாவது யார் என்று சிஸ்டர் திருப்பித் திருப்பி எண்ணினார். நான்! மன்னார்க்காரரைவிட மூன்று சீட்டுக் கூட. பெண்கள் பக்கமிருந்து ஒரு சத்தம் எழும்பியது. கணவன்மார் திரும்பிப் பார்த்தபோது அவர்கள் எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மன்னார்க்காரர் கழிந்தார். இனி அவருடைய அடுக்கிலுள்ள 2 எல்லாம் எனக்குத்தான். சிஸ்டர் முதல் சீட்டை எடுத்தார். 2 எனக்கு. அடுத்ததும் எனக்கு. அதற்கடுத்த சீட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அதில் இலக்கமே இல்லை. மன்னார்க்காரரின் பெயருக்கு நேரே வடிவான, அழுத்தமான ஒரு புள்ளடி. அவ்வளவுதான். யாருக்கு முதல் வாக்கு என்பது தெளிவு என்று முதல் எண்ணிக்கையில் அதைச் சேர்த்துக்கொண்டிருந்தார்; அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. ஆனால் இரண்டாவது இல்லாத சீட்டு இனி எங்கும் போகாது. ஓரமாக வைத்தார். அடுத்ததும் புள்ளடி. எனக்கு ஒன்று, புள்ளடி இரண்டு, எனக்கு ஒன்று, மறுபடி புள்ளடி. ஓரத்தில் ஒரு நாலாவது அடுக்கு வளர்ந்தது.

“என்ன செய்து வைச்சிருக்கிறியள்!” என்று கத்திவிட்டேன்.

மன்னார்க் கிழவர் ஒருவர் கையைப் பிசைந்துகொண்டு சொன்னார்: “பிள்ளை, ரெண்டு உனக்குத்தான் போடவெண்டு நினைச்சுக்கொண்டு போனனான். பென்சிலைக் கண்டோடனை கை தன்ரைபாட்டிலை போட்டிட்டுது.”

அவரைக் கோபிக்கவும் முடியவில்லை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு கிடைத்த வாக்கு. கை பழகியதைச் செய்திருக்கிறது. கடைசியில் எட்டிப் பிடிக்கக் கொஞ்சம்தான் இருந்தது. பிடிக்கவில்லை. தலைவர் வென்றார்.

தீவார் கைதட்டினார்கள். சிஸ்டர் பென்சிலை மேசையில் எறிந்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். அப்பா தோற்ற அன்றும் இப்படித்தான் நின்றிருப்பார். நான் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போது என் கூட்டாளி என் காதுக்குள், “தலைவற்ரை அடுக்கை வடிவாப் பார்த்தனியே?” என்றாள். “விரிக்கேக்கை பாத்தனான். முக்கால்வாசியிலை ரெண்டாவது நீ.”

தலைவர் கழிபடவில்லை, ஆகவே அவருடைய சீட்டுகளிலிருந்த இரண்டாவதுகளை எண்ணத் தேவை வரவில்லை. அதையும் ஒருக்கால் பாருங்கள் என்று சிஸ்டரிடம் கேட்டேன். விதியில் அது இல்லை என்றார். சொல்லும்போது அவருக்கே கசந்தது. நான் கயிற்றடியில் நின்று சனத்தைத் திரும்பிப் பார்த்தேன். இந்த மண்டபத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றோ இரண்டோ போடாதவர்கள் கொஞ்சப் பேர்தான். போட்ட கைகள் இப்போது தட்டிக்கொண்டிருந்தன.

“ரெண்டாவது எண்டால் ரெண்டாவதுதான் தங்கச்சி, மனவருத்தப்படாதை” என்றார் தலைவர்.

“இல்லை அண்ணை, எனக்கென்ன மனவருத்தம்? நீங்கள்தான் தலைவர். எங்கள் எல்லாருக்கும் இனி நீங்கள்தான் பொறுப்பு” என்றேன். அவர் மகிழ்ந்து போனார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மனிசன் மெதுவாகச் சொன்னார்.

“முடிஞ்சுதுதானே. நாளைக்குப் பின்னேரம் அந்தக் குடும்பத்திட்டைப் போய்க் கதைச்சிட்டு வாறன்.”

“பின்னேரம்தானே? போங்கோ. காலமை எனக்கொரு வேலை இருக்கு.”

திங்கட்கிழமை காலை, மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்னால் தலைவர் குடியிருந்த கட்டடத்தின் படிகளில் நாங்கள் ஏறினோம். நாங்கள் என்றால் வேலைக்குப் போகும் தாய்மார், இடுப்பிலும் கையிலும் பிள்ளைகள். தலைவர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர், திங்கள் அவருக்கு ஓய்வு. மத்தியானம் வரை தூங்குவார் என்று ஊருக்கே தெரியும். கதவைத் திறந்தது அவருடைய மனைவி. அவரும் வேலைக்குப் புறப்பட்டுக் கைப்பையோடு நின்றார். எங்களை ஒருமுறை, பிள்ளைகளை ஒருமுறை பார்த்தார்.

“அக்கா, அண்ணைதானே தலைவர். பிள்ளையளைத் தலைவரிட்டை விட்டிட்டுப் போவமெண்டு வந்தனாங்கள்.”

அவர் முகத்தில் ஒரு மயிரளவும் சிரிப்பில்லை. “உள்ளை விடுங்கோ. எழுப்ப வேண்டாம், தானாய் எழும்புவார்” என்றார். பால் போத்தல்களை வாங்கி மேசையில் வரிசையாக வைத்துவிட்டு எங்களோடேயே படியிறங்கி வந்தார். அவர் யாருக்கு 1 போட்டார் என்று அன்றும் நான் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை.

பிள்ளையைக் கண்ட இடத்தில் போட்டுவிட்டு ஓடுகிற தாய் நான் இல்லை. என் கூட்டாளிக்குப் பின்னேரம்தான் வேலை. அவள் படியிலேயே காதைத் தீட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். நான் சின்யோரா வீட்டில் என்ன துடைத்தேன், எதைத் துடைக்காமல் விட்டேன் என்று எனக்கே தெரியாது. வேலை முடிந்ததும் ஓட்டமும் நடையுமாகப் போனேன். வழியிலேயே கூட்டாளி எதிரே வந்தாள், சிரித்துச் சிரித்துக் கண்ணெல்லாம் தண்ணீர். கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். பிறகு ஏதோ விழுந்து உடைந்ததாம். பிறகு “ஆரடா நீ? எங்கையடா உன்ரை கொம்மா?” என்று ஒரு கூச்சலாம். அதன் பிறகு அழுகை, ஒப்பாரி, தாலாட்டு எல்லாம் கலந்து கேட்டதாம். கடைசியில் மனிதர் தூங்கியெழுந்த சாரமும் சேட்டுமாக ஒருத்தியைத் தோளில் போட்டு, ஒருவனை இடுப்பில் வைத்து, மற்றதுகளைச் சாரத் தலைப்பில் பிடிக்கச் சொல்லிப் படியிறங்கினாராம். அந்தச் சின்ன வீட்டில் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் வீடு மிஞ்சாது. அவள் பின்னாலேயே போனாள். எங்கே கொண்டுபோனார்?

மண்டபத்துக்குத்தான். வேறெங்கே போக முடியும்?

கதவு ஆவென்று திறந்து கிடந்தது. கரம்பலகை தரையில், அதன்மேல் ஒரு பையன். பலகைக்குப் போடும் பவுடர் எல்லாருடைய தலையிலும். நேற்று எண்ணிய மேசைக்குக் கீழே இரண்டு பிள்ளைகள் பாணைப் பங்குபோட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். தலைவர் சுவரோடு ஒரு கதிரையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் தோளில் வாயைத் திறந்தபடி என் மகள்.

நான் பேச வாயெடுத்தேன். அவர் ஒரு விரலை உதட்டில் வைத்தார்.

“சத்தம் போடாதை. இப்பதான் கண்ணயர்ந்தவள்.”

சங்கத் திறப்பு, அதுதான் மண்டபத்துச் சாவி, அவருடைய சேட்டுப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது. நான் குனிந்து அதை எடுத்தேன். அவர் கண்ணை உருட்டினார், ஆனால் பிள்ளை எழும்பிவிடுவாள் என்று கையைத் தூக்கவில்லை.

“அதை வைச்சிட்டுப் போ, தங்கச்சி” என்றார், மூச்சுக் காற்றிலேயே.

“நாளைக்கும் எங்களுக்கு வேலை இருக்கு, அண்ணை” என்றேன்.